ஒத்துப்போகுது என்று சொன்னவர்

செய்தியைக் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். புதுக்கோட்டையிலிருந்து வரும் காலை பஸ் கீரனூரில் நின்றதும், படியில் நின்றபடியே என் தையல் கடைப் பக்கம் குனிந்து, "மைமூனக்கா, ஒங்க பல்லுக்கார அய்யா நேத்து சாயங்காலம் தவறிட்டாராம். நெஞ்சு வலியாம். அடக்கத்துக்கு ஆவூருக்குக் கொண்டு போறாங்க" என்றார். விசில் ஊதினார். பஸ் திருச்சி ரோட்டில் போய்விட்டது.

மிஷினில் ஒரு சட்டைக்கை ஓடிக்கொண்டிருந்தது. நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. முழுக்கத் தைத்த பிறகு எடுத்துப் பார்த்தால், கை நுழைகிற வாயையும் சேர்த்து மூடித் தைத்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை அவரும் நானும் திருச்சிக்குப் போவதாக இருந்தது. நாலு வருஷம் மனுப் போட்டு, முதல் தடவையாக ஒரு ஆபீசிலிருந்து பதில் வந்திருந்தது. பல் கட்டும் ஞானப்பிரகாசம் என்பவர் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அவர் போய்விட்டார்.

ஐயாவின் மகன் ராயப்பன் வாத்தியார், முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுவதாகவும் நானும் எழுத வேண்டும் என்றும் கேட்டார். நான் மூணாம் கிளாஸ் வரைதான் படித்தவள். வேறு யாரையாவது எழுதச் சொல்கிறேன் என்றேன். "வேண்டாங்க. நீங்களே எழுதுங்க" என்றார். எழுத்தில் தப்பு இருந்தால் வாத்தியார் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஐயாவைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், மாடியில், இரண்டு வரிசைப் பல் வரைந்த போர்டு போட்ட கடை. உங்களில் பலருடைய வாயில் அவர் கை பட்டிருக்கும். என் வீட்டுக்காரர் வாயிலும் அவர் கை பட்டது. அது போலீஸ் ஸ்டேஷனில் வைத்து.

என் வீட்டுக்காரர் பெயர் காதர். சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்து ஏழெட்டு வருஷம் ஆன சமயம், புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். கடையில் துணி எடுக்கிறவர்கள் அங்கேயே அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் வீட்டில் இருந்தபடி காஜா எடுத்து, பித்தான் கட்டிக் கொடுப்பேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே தையல்காரரான எங்கள் அத்தாவுக்கு அந்த வேலைதான் செய்துகொண்டிருந்தேன்.

அந்தக் கடைக்கு வெள்ளையன் என்று ஒரு காவல்காரர். வாசலைக் கழுவ வேண்டும், மிஷினைத் தள்ளிப் போடு என்று என் வீட்டுக்காரரோடு தினமும் மல்லுக்கு நிற்பார். இரண்டு பேரும் திட்டிக்கொள்வார்கள், பிறகு ஒரே டீயை இரண்டாக ஊற்றிக் குடிப்பார்கள். ஒருநாள் சாயங்காலம் சண்டை கொஞ்சம் முற்றி, "இன்னொரு தடவ மிஷின்ல கைய வச்சே, கடிச்சுக் கொதறிருவேன்" என்று இவர் கத்தியிருக்கிறார். நம் பக்கத்தில் யார்தான் இப்படிச் சொல்வதில்லை. நான் என் தம்பியிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் வெள்ளையன் கடை வாசலில் மண்டை உடைந்து கிடந்தார். பூட்டை உடைக்க வந்தவன் யாரோ அடித்துப் போட்டிருக்கிறான். அவர் கையில் ஒரு கடி இருந்தது. பேச்சு வராமலே மூணாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கடி என்றதும் கடைத் தெருவில் எல்லோருக்கும் முந்தின சாயங்காலம் கேட்ட பேச்சு ஞாபகம் வந்துவிட்டது.

அந்தச் சண்டை நடந்த ராத்திரி முழுக்க என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு என் பக்கத்தில் படுத்திருந்தார். அதைச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். பெண்டாட்டி சொன்னால் யார் எடுத்துக்கொள்வார்கள்.

ஊரில் வாய்க்கு அச்சு எடுக்கத் தெரிந்தவர் ஞானப்பிரகாசம் ஐயா ஒருவர்தான். போலீஸ்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் வெள்ளையன் கையில் இருந்த கடிக்கு மெழுகு வைத்து அச்சு எடுக்கச் சொன்னார்கள். பிறகு ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கச் சொல்லி அதற்கும் அச்சு எடுத்தார். மேல்வரிசை முன்பல் ஒன்றின் நுனியில் இவருக்கு ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. ஒரு குருணை அரிசி உட்காரும் அளவுதான். வெள்ளையன் கையில் இருந்த தடத்திலும் அதே இடத்தில் கொஞ்சம் விட்டுப் போயிருந்தது.

கோர்ட்டில் அவரை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் வியர்வை. சர்க்கார் வக்கீல் இரண்டு அச்சையும் காட்டி, "பார்த்துச் சொல்லும்" என்றார்.

"ஒத்துப்போகுதுங்க" என்றார் ஐயா.

"அப்படியானால் இந்தப் பல்லால் உண்டான காயம்தான் அது?"

கொஞ்சம் யோசித்தார். "ஆமாங்க" என்றார்.

எங்கள் வக்கீல் எழுந்து, மடக்கிவிடலாம் என்று நினைத்து, ஒரு கேள்வி கேட்டார். "இந்த மாதிரிப் பள்ளம் வேறு எவர் வாயிலும் இருக்காதா? நீர் பார்த்ததே இல்லையா?"

"இருபது வருஷமாப் பல்லுப் பாக்குறேன். இப்படி ஒண்ணு பாத்ததில்லைங்க."

அந்தப் பேச்சோடு எல்லாம் முடிந்தது. ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மெட்ராஸில் போட்ட அப்பீலும் நிற்கவில்லை. நான் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கீரனூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு தட்டி போட்டு, அவர் செய்த வேலையை நான் செய்ய ஆரம்பித்தேன்.

நாலு வருஷம் கழித்து ஒருநாள் திருச்சி பஸ் கீரனூரில் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. இறங்கி நின்றவர்களில் ஒருவர் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "தாயி, பித்தான் ஒண்ணு தொங்குது. வண்டி கெளம்புறதுக்குள்ள கட்டிக் குடுத்துருவீங்களா?" என்றார். எனக்கு அவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியாது. என் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. சீக்கிரம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. பித்தானைக் கட்டி முடித்து, வழக்கம்போல நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

"அந்த வாயக் கொஞ்சம் தெறங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க பேசுறீங்க? பொம்பளைகிட்ட வந்து வாயத் தொறன்னு!"

"இல்ல தாயி. தப்பா நெனைக்காதீங்க. பல்லு... அந்த முன்பல்லு. அது எப்படி ஒங்களுக்கு..." குனிந்து பார்த்தார். "ஏன் அங்கிட்டுப் பள்ளமா இருக்கு?"

"நூலு கடிச்சா பள்ளம் விழாம? தைக்கிறவ வாயில வேற என்ன இருக்கும்?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பஸ் சரியாகி, கண்டக்டர் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் நான் யார் என்று சொன்னேன். சத்தம் போட்டுத் திட்ட வேண்டும் என்று நாலு வருஷமாக எத்தனையோ பேச்சு சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"கோர்ட்டுக்கு வந்திருந்தீங்களா தாயி?"

"மூணு நாளும் வந்தேன்."

"எங்க நின்னீங்க?"

"கதவோரத்துல. துப்பட்டிய மூஞ்சிக்கு இழுத்துவிட்டுக்கிட்டு."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வேறு எவர் வாயிலும் இல்லை என்று அவர் சத்தியம் செய்து சொன்னபோது, பத்தடி தள்ளி நின்ற என் வாயிலேயே அது இருந்தது. என் பல்லில் இருக்கிற பள்ளமும் சாட்சிதான் என்று எனக்குத் தெரியாது. அடக்கமாக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரமே ஐயா திரும்ப வந்தார். "என் கடைக்கு வந்த வாயெல்லாம் வசதியான வாயி தாயி. செட்டியார் வீடு, தாசில்தார் வீடு. தைக்கிறவரு எவரு வந்து எங்கிட்டப் பல்லுக் கட்டுனாரு? நான் பாத்ததில்லைன்னு சொன்னேன். இல்லைன்னே எழுதிக்கிட்டாங்க" என்றார். 'ஒத்துப்போகுது' என்ற சொல்லையும் அன்றைக்குத்தான் விளக்கினார். பல் செட்டு செய்து வாயில் வைத்துப் பார்க்கும்போது, உறுத்தாமல் உட்கார்ந்தால் ஒத்துப்போகுது என்பார்களாம். இன்னொருவருக்குச் செய்ததும் சில சமயம் ஒத்துப்போகுமாம். "அது கடையில சொல்ற வார்த்தை. அதக் கொண்டுபோயி கோர்ட்டுல சொல்லிட்டேன். தெரியலைங்கன்னு சொல்லத் தெரியாமப் போச்சு" என்றார். இந்தக் கடைசிப் பேச்சை அவர் சாகிற வரை என்னிடம் எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை.

ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் சம்சாரம் சவரியம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாருங்கம்மா இந்த மனுசன் கையை. பூராம் பல்லு. கோயிலுக்கு வர்றவங்க எல்லாம் நான்தான் கடிச்சு வச்சிருக்கேன்னு நெனைக்கிறாங்க" என்றார். ஐயா சட்டைக்கையை மேலே சுருட்டினார். முழங்கையை மடக்கி வைத்துக்கொண்டு, எங்கள் எதிரிலேயே தன் கையைத் தானே கடித்தார். தடத்துக்குப் பக்கத்தில் ஒரு நூலை வைத்து அளந்தார். பிறகு கையை நீட்டினார். அதே தடம் நீண்டு போயிருந்தது. கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் அது வீங்கி, பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி மூடிக்கொண்டு, வேறு யாரோ கடித்த மாதிரி ஆகிவிட்டது.

"மெழுகு சொன்ன பேச்சக் கேக்கும் தாயி. தோலு கேக்காது" என்றார். "நான் அச்சு எடுக்கப் போனப்ப அந்தக் காவல்காரரு கை பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கெடந்துச்சு. எந்தப் பல்லு எங்க பட்டுச்சுன்னு அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். அவங்க ஒரே ஒரு வாயத்தான் கொண்டாந்தாங்க. பத்து வாயக் கொண்டாந்திருந்தா அதுல பாதி ஒத்துப்போயிருக்கும்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். திருமயம், கீரனூர், விராலிமலை என்று தையல் மிஷின் சத்தம் கேட்கிற இடமெல்லாம் போய் நின்று வாயைத் திறக்கச் சொல்வார். விராலிமலைக்கு ஒரு தடவை நானும் போனேன். கோயில் போகிற வழியில் ஒரு தையல்காரர், ஐயா கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க அய்யா, மாட்டுச் சந்தைக்குப் போற வழியில இங்கிட்டு எறங்கிட்டீங்களா? எனக்கு எத்தனை பல்லுன்னு எண்ணி வெல பேசப் போறீங்களா?"

"நீங்க நூலக் கடிக்கிற பல்ல மட்டும் காட்டுங்க தம்பி, போதும்."

"காட்டுறேன். ஆனா வாலத் தூக்கிப் பாக்கக் கூடாது."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். தையல்காரர் வாயைத் திறந்தார். அங்கே இருந்தது, அதே பள்ளம். ஐயா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பக்கத்து மிஷின்காரருக்கும் இருந்தது, கொஞ்சம் தள்ளி. எதற்கு இதெல்லாம் என்று கேட்டவருக்கு ஐயா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அப்ப என்னையும் புடிச்சிருக்கலாமா?" என்றார்.

"புடிச்சிருக்கலாம் தம்பி. நான் ஒத்துப்போகுதுன்னு சொல்லியிருப்பேன்."

நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பழைய வக்கீலிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்பீலும் முடிஞ்சுபோச்சு ஞானப்பிரகாசம். இப்ப வந்து கோர்ட்டுல சொன்னது தப்புன்னா, பொய்ச் சாட்சின்னு ஒம்ம மேல கேசு வரும். தெரியுமா?" என்றார்.

"வரட்டுங்க."

"வரட்டும்னு சும்மா சொல்லிப்புடலாம். ஒமக்கும் வயசு அறுபது ஆகுது."

"அவரு உள்ள இருக்காருங்க. நான் வெளிய பல்லுக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

இனிமேல் சர்க்காருக்கு மனுப் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார். போட்டோம். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. ஒரு வருஷம் கழித்து, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று இன்னொன்று. திரும்பவும் போட்டோம். அந்த வருஷங்களில் ஐயாவின் கடையில் கூட்டம் குறைந்துவிட்டது. தன் சாட்சியையே மாற்றிப் பேசுகிறவர் கையில் எப்படி வாயைக் கொடுப்பது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். படிக்கிறவர்களில் அப்படிப் பேசியவர்களும் இருக்கலாம். அவர் யாரையும் குறை சொல்லவில்லை.

ஜெயிலுக்கு என்னோடு ஒருநாள் வந்தார். என் வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஐயா கையைக் கூப்பினார். "காதர் பாய், மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல."

என் வீட்டுக்காரர் கம்பிக்குக் கிட்டே வந்து நின்றார். பிறகு, "அன்னைக்கு ஸ்டேஷன்ல என் வாய்க்குள்ள வெரலவிட்டீங்கள்ல, அப்பவே கடிச்சிருக்கணும் ஒங்கள. அது கரெக்டா ஒத்துப்போயிருக்கும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தபோது பார்த்தோம். அந்த முன்பல் இல்லை.

"மச்சான், பல்லு எங்க?" என்றேன்.

"பல்லு முரசு வீங்கி ஒரே வலி. போன மாசம் பிடுங்கி எறிஞ்சுட்டாங்க. தொல்லை விட்டுச்சு."

திரும்பி ஐயாவும் நானும் பஸ் ஏறினோம். கீரனூரில் நான் இறங்குகிற நேரத்தில், "இனிமே வச்சுப் பாக்கறதுக்கு அந்த வாயும் இல்ல தாயி" என்றார். மறுவாரம் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கோர்ட்டுக்குக் கொடுத்தது போக, அவர் கடையில் வைத்திருந்த இன்னொரு வெள்ளைச் சாந்து அச்சு. என் வீட்டுக்காரருடைய மேல்வரிசைப் பல் முழுவதும் அதில் இருந்தது, அந்தப் பள்ளத்தோடு. எங்களிடம் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. "இது ஒங்ககிட்டதான் இருக்கணும்" என்றார்.

அன்றைக்கு நான் நூலைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு, "கத்தரியால வெட்டுங்க தாயி, பல்லு இன்னும் தேஞ்சுபோகும்" என்றார். எழுந்து பஸ் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "வேண்டாம். அப்படியே கடிங்க. மனு முடியட்டும். அது வரைக்கும் அந்தப் பள்ளம் இருக்கட்டும்" என்றார்.

ஆவூரில் அவரை அடக்கம் செய்தபோது கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றிருந்த என்னைச் சவரியம்மா உள்ளே கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். "மைமூனு, ஒங்க வேலைய முடிக்காமப் போயிட்டாரேம்மா" என்று அழுதார். புருஷனைப் பறிகொடுத்தவர் என் வேலைக்காக அழுகிறார்.

சனிக்கிழமை நான் மட்டும் திருச்சிக்குப் போனேன். கடிதத்தையும் நோட்டையும் அச்சையும் அந்த ஆபீசில் ஒருவர் முன்னால் வைத்தேன்.

"சாட்சி எங்கம்மா?"

"தவறிட்டாருங்க. அவரு கைப்பட எழுதின நோட்டு இது."

"நோட்டு யாருக்கு வேணும்? அவரு நேர்ல வந்து சொல்லணும்னுதானே போட்டிருக்கு?"

"அவரு எப்படிங்க வருவாரு?"

"அதுக்கு நான் என்னம்மா செய்ய?"

அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே அவருக்குச் செய்யத் தெரியவில்லை. நான் துப்பட்டியை முகத்திலிருந்து இறக்கினேன். வாயைத் திறந்து, அந்தப் பல்லை விரலால் தொட்டுக் காட்டினேன். கோர்ட்டில் அன்றைக்குச் செய்யாததைச் செய்கிறேன் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. சுற்றி இருந்த மேஜைக்காரர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அவருக்கு முகம் சிவந்துபோனது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாக, "வாய மூடுங்கம்மா" என்றார்.

மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐயாவிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று வாத்தியார் கேட்டார். நோட்டு இருக்கிறது. பெட்டியில் துணி சுற்றி அச்சு இருக்கிறது. என் வீட்டுக்காரரை நேரில் பார்க்க முடியாத மாதங்களில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். இவ்வளவு காலம் கழித்து ஒரு மனுஷர் வந்து, நான் சொன்னது தப்பு என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். அது இருக்கிறது. வேறு யாரும் வந்து அப்படிச் சொல்லவில்லை.

ராயப்பன் வாத்தியார் போன வாரம் எனக்குப் புதுக் கத்தரி ஒன்று வாங்கிக் கொடுத்தார். நல்ல கத்தரி. துணி வெட்ட வைத்திருக்கிறேன். நூலை நான் இன்னும் பல்லால்தான் கடிக்கிறேன்.